தரவைக் குழந்தைகளே திரட்டட்டும்: கணக்குப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும், தொடக்க வகுப்புக் கணக்குப் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சேர்த்துப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியான பிறகு பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு வலுத்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் கடைசி அலகாக வந்து, பருவ இறுதி அவசரத்தில் ஓரிரு பாடவேளைகளில் முடிந்துபோகும் ‘தகவல் செயலாக்கம்’ பகுதியில், அட்டவணைகளை நிரப்பித் தராமல் குழந்தைகளே தரவைத் திரட்டும்படி மாற்றி எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சில பழங்கள், அவற்றை விரும்பும் மாணவர் எண்ணிக்கை, அதற்கொரு பட விளக்கப்படம், பிறகு ‘அதிகமானோர் விரும்பும் பழம் எது?’ என்ற கேள்வி. இந்த வரிசை நம் எல்லோருக்கும் பழகியது. இதில் குழந்தைக்கு மிஞ்சுவது உயரமான பட்டையைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டுமே. எதை எண்ணுவது, எந்த வகையில் சேர்ப்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளையெல்லாம் புத்தகமே எடுத்துவிடுகிறது. கணக்கு இருப்பதோ அந்த முடிவுகளில்தான்.

பள்ளி வாசலில் நின்று பத்து நிமிடம் சாலையில் போகும் வண்டிகளை எண்ணச் சொன்னால் இது உடனே தெரிந்துவிடும். டிராக்டரும் அதன் பின்னால் வரும் டிரெய்லரும் ஒன்றா இரண்டா, ஷேர் ஆட்டோவை ஆட்டோவில் சேர்ப்பதா வேனில் சேர்ப்பதா, கடைக்குப் போய்த் திரும்பி வந்த அதே மொபட்டை மறுபடி எண்ணுவதா என்று முதல் சில நிமிடங்களிலேயே வாக்குவாதம் எழும். அருகருகே நின்ற இரண்டு குழுக்களின் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. யாருடையது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடாமல், முன்கூட்டியே விதிமுறை ஒன்றை எழுதிக்கொண்டு மறுநாளும் எண்ணச் சொன்னால், இரண்டு கணக்குகளும் நெருங்கி வருவதைக் குழந்தைகள் தாங்களே பார்ப்பார்கள். நேர்க்கோட்டுக் குறிகளின் பயனும் அங்கேதான் விளங்கும். நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாவதை இழுப்பதற்குப் பதிலாக ஐந்து கோடுகள் போட்டு ஆறாவதைக் குறுக்கே இழுக்கும் குழந்தை, மொத்தம் இடிக்கும்போது தன் தவற்றைத் தானே தேடிப் பிடிக்கிறது.

மழையளவு இதைவிடச் செழுமையான பொருள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால் இரண்டாம் பருவம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை அறுத்துத் தலைகீழாகச் செருகி, அடியில் கூழாங்கல்லும் நீரும் இட்டுச் சுழியக் கோட்டைக் குறித்து, ஓர் அளவுகோலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். வானிலை ஆய்வுத் துறையினர் அளவெடுக்கும் காலை 8.30 மணியையே நாமும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர் என்பதை ஐந்தாம் வகுப்புக் குழந்தை வகுப்பறைக் கூரையின் பரப்போடு பெருக்கிப் பார்த்தால் அந்த எண்ணே அதற்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. மழை பெய்யாத நாளுக்குரிய கட்டத்தைக் குழந்தைகள் வெறுமையாக விடுவார்கள். மழைக்காக விடுமுறை விடப்பட்டு யாரும் அளக்காத நாளின் கட்டமும் வெறுமையாகவே கிடக்கும். ‘மழை இல்லை’ என்பதும் ‘அளக்கவில்லை’ என்பதும் தாளில் ஒன்றுபோல் தோன்றும்போது, கனமழை கொட்டிய நாட்களே படத்தில் வறண்ட நாட்களாகிவிடுகின்றன. இதைக் குழந்தைகளே கண்டுபிடித்து, முதலாவதற்குச் சுழியமும் இரண்டாவதற்கு வேறொரு குறியும் இட வேண்டும் என்று முடிவுசெய்யும் வகுப்பு, நூறு அட்டவணைகளைப் படித்தும் கிடைக்காத ஒன்றைப் பெறுகிறது. விடுமுறை முடிந்து வரும்போது பாட்டிலில் மூன்று நாள் மழை சேர்ந்திருக்கும். அதை மூன்றாகப் பங்கிட்டு எழுதலாமா என்ற கேள்விக்கு நான்காம் வகுப்பில் முடிவான விடை தேவையில்லை. அந்தக் கேள்வி எழுந்தாலே போதும்.

படம் வரைவதிலும் இதே நிலைதான். புளியங்கொட்டைகளையும் மஞ்சாடி விதைகளையும் தனித்தனி வரிசையாக அடுக்கினால், எண்ணிக்கையில் குறைந்த புளியங்கொட்டை வரிசை நீளமாகத் தெரியலாம். காலித் தீப்பெட்டிகளை அடுக்கும்போது அந்தக் குழப்பம் இல்லை. ஒரு படத்துக்கு இரண்டு வண்டிகள் என்று அளவுத்திட்டம் வைத்த குழந்தை ஏழு வண்டிகளைக் காட்ட அரை வண்டி வரையத்தான் வேண்டும். பட்டைகள் ஏன் ஒரே அடிக்கோட்டில் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும், அகலம் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் தானே வரையும்போதுதான் மனதில் பதியும்.

நேரம் போதாது என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். ஓரிரண்டு ஆசிரியர்களே உள்ள பள்ளிகளின் நெருக்கடி எனக்குப் புதிதன்று. ஆயினும் பல வகுப்புகள் சேர்ந்து அமரும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான செயல்பாடு குறைவு: கற்றல் நிலைகளில் முதலாவதான அரும்பு நிலையினர் வகைபிரிக்கலாம், அடுத்ததான மொட்டு நிலையினர் குறியிடலாம், அதற்கும் மேலான மலர் நிலையினர் வரைந்து விளக்கலாம். தினமும் ஐந்து நிமிடம் என்று பருவம் முழுவதும் பரவினால் தனிப் பாடவேளையும் வேண்டியதில்லை.

எனவே, இந்த அலகைப் புத்தகத்தின் முன்பகுதிக்குக் கொண்டுவந்து, பருவம் முழுவதும் நிரப்பத்தக்க வெற்று அட்டவணைகளையும் கட்டத்தாள் பக்கங்களையும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன். மதிப்பீட்டில் ‘எது அதிகம்?’ என்பதோடு நில்லாமல், ‘இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாதது எது?’ என்றும் கேளுங்கள். பெற்றோரின் வருமானம், வீட்டு வசதி, உடல் எடை போன்று எந்தக் குழந்தையையும் கூசச் செய்யும் விவரங்களைத் திரட்டக் கூடாது என்பதை ஆசிரியர் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29 ஆம் நாளை 2007 முதல் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது. பள்ளி திறந்த சில வாரங்களில் வரும் அந்த நாளைத் தொடக்கப்பள்ளிகளில் முதல் தரவுத் திரட்டலுக்கு ஒதுக்கலாம். அதற்கு முன், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் காட்சித் திரை விளக்கத்தைக் குறைத்துக்கொண்டு, ஆசிரியர்களாகிய எங்களையும் பத்து நிமிடம் சாலையோரம் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்