பதக்கத்தை மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை மாவட்டத்து விளையாட்டு வீரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு புகழ் அரங்கம் (ஹால் ஆஃப் ஃபேம்) வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். யோசனை நல்லதுதான். படம், பெயர், வாங்கிய பதக்கம் என்று மூன்றே வரியில் பலகை வைத்தால் போதும் என்கிறாரே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அப்படி வைத்தால் அது இன்னொரு ஃபிளெக்ஸ். நம் ஊரில் ஃபிளெக்ஸுக்கு என்ன பஞ்சம்?

நான் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அனுபவத்தில் சொல்கிறேன். பதக்கத்தைக் காட்டினால் பிள்ளைகள் ஒரு நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் நகர்ந்துவிடுவார்கள். அதை வாங்கியவர் எந்த ஊரிலிருந்து கிளம்பினார், யார் சொல்லிக் கொடுத்தார், எத்தனை முறை தோற்றார் என்று எழுதியிருந்தால் நின்று படிப்பார்கள்.

சக்கிமங்கலம் ஓட்டக்காரி ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்வோம். பதக்கம்தான் கணக்கு என்றால் டோக்கியோ ஒலிம்பிக் அவர் பலகையில் வராது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த முறைதான். 2021 ஜூலை 30 அன்று முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் நால்வரும் ஓடினார்கள். மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நேரம் 3 நிமிடம் 19.93 வினாடி, தகுதிச் சுற்றில் அவர்கள் ஓடிய பிரிவில் எட்டாவது இடம். இறுதிக்குப் போகவில்லை.

ஆனால் அந்தத் தடத்துக்கு ரேவதி வந்த வழியைப் பாருங்கள். தாய் தந்தையை இழந்த அவரையும் தங்கையையும் கூலி வேலை பார்த்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடிய பெண்ணைப் பார்த்து, இவளால் முடியும் என்று கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் கண்ணன். லேடி டோக் கல்லூரியில் படிப்பு. அதுவரை 100, 200 மீட்டர் ஓடியவரை, பாட்டியாலா தேசிய முகாமில் கலினா புகாரினா என்ற பயிற்சியாளர் 400-க்கு மாற்றினார். இது என்ன பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். 200 ஓடிப் பழகியவர் 400 ஓடும்போது கடைசி நூறு மீட்டரில் கால் கல்லாகிவிடும். வேகத்தை எங்கே பிடித்து வைப்பது, எங்கே விடுவது என்று முதலிலிருந்து கற்க வேண்டும். அதைக் கற்று, டோக்கியோவுக்கான தேர்வு ஓட்டத்தில் 53.55 வினாடியில் முதலில் வந்தார். பலகையில் இதெல்லாம் வேண்டும். எட்டாவது இடத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஜெர்லின் அனிகா விஷயத்தில் பதக்கமே பேசும். காது கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸ் 2022 மே மாதம் பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்தபோது பேட்மிண்டனில் ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி என மூன்று தங்கம். இந்தியாவுக்குக் கிடைத்ததே மொத்தம் 8 தங்கம். அதே ஆண்டு அர்ஜுனா விருதும் வந்தது. ஆனால் 2017-ல் துருக்கியின் சாம்சன் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸிலும் அவர் ஆடினார், அப்போது வயது 13, பதக்கம் இல்லை. அந்த வரி இருந்தால்தான் 2022-ன் அருமை தெரியும்.

மூன்றாவதாக ஒருவர். இவர் பெயர் நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஜெ. ரஞ்சித்குமார். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில், மாற்றுத்திறனாளிகள் உட்கார்ந்தபடி வட்டு எறியும் பிரிவில் வெண்கலம் வென்றவர். பாரா விளையாட்டு என்றால் என்னவென்று பத்திரிகைகளே அதிகம் எழுதாத காலம் அது. அதன் பிறகு தன்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தார். 2020-ல் மத்திய அரசு அவருக்குத் தியான்சந்த் விருது கொடுத்தது. ஒரு போட்டியில் ஜெயித்ததற்காக அந்த விருதைத் தரவில்லை, வாழ்நாள் பங்களிப்புக்குத்தான் தந்தார்கள். புகழ் அரங்கத்துக்கு முதல் பெயர் யார் என்று என்னைக் கேட்டால் இவரைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் இப்படிப்பட்ட அரங்கம் முழு வாழ்க்கையைப் பார்த்துக் கொடுக்கும் மரியாதை. அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் அரங்கத்தில், ஆட்டக்காரர் 10 பருவமாவது ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அதற்கும் மேல் விளையாட்டுச் செய்தியாளர்களின் ஓட்டில் 75 சதவீதம் வாங்க வேண்டும். அமைச்சரின் சிபாரிசு அங்கே செல்லாது! நம் விஜய் அமிர்தராஜ் ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் காலிறுதியைத் தாண்டியதில்லை. இருந்தும் உலக டென்னிஸ் புகழ் அரங்கம் 2024-ல் அவரைச் சேர்த்தது, டென்னிஸுக்கு அவர் செய்த மொத்தப் பங்களிப்பைப் பார்த்து.

ஓய்வு பெற்ற பிறகுதான் இடம் என்ற இந்த விதியை வைத்தால் சிலருக்கு வருத்தம் வரும். மதுரைப் பக்கத்துப் பையன் செல்வ பிரபு, 2022-ல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் மும்முறைத் தாண்டுதலில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். மறு ஆண்டு கிரீஸில் 16.78. அவரை உடனே சுவரில் ஏற்ற வேண்டும் என்று ஊரே கேட்கும். வேண்டாம். ஆடிக்கொண்டிருப்பவருக்கு ஷூ, சாப்பாடு, வெளிநாட்டுப் போட்டிக்கு டிக்கெட் கொடுங்கள். ரேவதிக்கும் ஜெர்லினுக்கும்கூட இதே பதில்தான், அவர்களுடைய பலகையைப் பிறகு நிதானமாக எழுதலாம்.

இடத்துக்குக் குறைவில்லை. அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம் 2024-ல் வந்தது, சிந்தாமணியில் கிரிக்கெட் மைதானம் 2025-ல் வந்தது, அதே ஆண்டு ரேஸ்கோர்ஸில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியே நடந்தது. ஹாக்கித் திடலுக்குப் போகும் வழியில் ஒரு சுவர் ஒதுக்கினாலே ஆரம்பிக்கலாம்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கிராமத்துக் கபடியில் பேர் வாங்கி, ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, துறை அணிக்காக ஆடி ஓய்வு பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பரணில் கிடக்கும் கோப்பைகளும், மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துணுக்குகளும்தான் அவர்களுக்குச் சாட்சி. அந்தத் துணுக்குகள் தங்களைப் போன்ற பத்திரிகைகளின் உள்ளூர் விளையாட்டுப் பக்கத்தில் வந்தவை. பழைய இதழ்களைத் திறந்துவிட்டால், என்னைப் போல ஓய்வாக இருக்கும் பி.டி. வாத்தியார்கள் சிலர் வந்து உட்கார்ந்து பெயர், ஆண்டு, போட்டி எல்லாம் குறித்துக் கொடுக்கத் தயார். சம்பளம் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வில்லாபுரம், மதுரை.