மாடியில் கீரை சரி, சோறு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுக்கு விவசாயம், அதாவது செடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளர்ப்பது பற்றி உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாரமாக எழுத நினைத்தேன், இன்றைக்குத்தான் முடிந்தது. நாகர்கோவிலில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு வருடமாக நானும் இதைத்தான் செய்கிறேன். பிவிசி பைப்பில் ஓட்டை போட்டு, இரும்பு ஸ்டாண்டில் நாலு அடுக்காக வைத்து, மண் இல்லாமல், தொட்டியில் உரம் கரைத்த தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று சுற்ற விடுகிறது. சிறுகீரை, புதினா, கொத்தமல்லி எல்லாம் நன்றாகவே வருகிறது, தண்ணீர்ச் செலவும் ரொம்பக் குறைவு.

ஆனால் போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்து பார்த்தால் மேல் அடுக்கு முழுக்கத் துவண்டு கிடக்கிறது. மண்ணில் நின்ற செடி ஒரு நாள் தாங்கும், பைப்புக்குள் தொங்கும் வேர் தாங்காது. நம்மூருக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஷீட் போடாவிட்டால் மழைத்தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி உரக்கரைசலையும் கெடுத்துவிடும்.

சரி, இதையெல்லாம் சமாளிக்கலாம். நகரத்தின் உணவுப் பிரச்சினையே இதனால் தீர்ந்துவிடும் என்று அந்தக் கட்டுரை எழுதுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1999-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிக்சன் டெஸ்பொம்மியர் என்ற பேராசிரியரும் மாணவர்களும் மன்ஹாட்டன் மாடிகளில் பயிர் வைத்தால் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கணக்குப் போட்டார்கள், 2 சதவீதம் பேருக்குத்தான் என்று வந்தது. அதன் பிறகுதான் கட்டிடத்துக்குள்ளேயே அடுக்கடுக்காகப் பயிர் வைக்கும் யோசனை. உள்ளே வைத்தால் வெயிலுக்குப் பதில் எல்இடி விளக்கு, அதற்குக் கரண்ட் பில். அங்கே பெரிய முதலீட்டில் தொடங்கிய ஏரோஃபார்ம்ஸ் என்ற அடுக்கு விவசாயக் கம்பெனி 2023-ல் திவால் மனு கொடுத்தது, பவரி என்ற இன்னொரு கம்பெனி 2024-ல் மூடியே விட்டது. அவர்கள் வளர்த்ததும் பெரும்பாலும் இலைதழைதான். நெல்லை விளக்கு போட்டு விளைய வைத்தால் அந்த அரிசியை யார் வாங்குவது?

நம் மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிற வயலுக்கு 1906-லிருந்து பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வருகிறது. அந்த வயலில் பிளாட் கல் நட்டு, பெயின்ட் அடித்து, சென்ட் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருக்கோடியில் இருந்த வயலும் அப்படித்தான் போனது. 'இனி மாடியிலேயே விவசாயம்' என்ற பேச்சு பிளாட் போடுகிறவர்களுக்கு நல்ல சாக்கு.

மானியம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏசி போட்ட கட்டிடத்துக்கு வேண்டாம். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர் இது, நார்க்கழிவு இங்கேயே கிடைக்கும். அதை நிரப்பிய பைகளைப் பள்ளிகளின் மாடியில் வைத்தால் சத்துணவுக்குக் கீரையாவது தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். நெல்லுக்கு வயலையும் குளத்தையும் விட்டுவையுங்கள், மீதி வயலிலாவது கல் நட அனுமதி கொடுக்காதீர்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்