‘மரப்பன்னம்’ என்று அட்டை குத்தி விற்ற கன்று பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாரியில் எங்கள் நாற்றுமேடையில் பெரிய பன்னக் (பெரணி) கன்று வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். சாடியில் ‘மரப்பன்னம்’ என்று அட்டை குத்தியிருந்தோம். அது எங்கள் பிழை. அந்தக் கன்றின் பெயர் அஞ்சியோப்டெரிஸ் இவெக்டா. மரட்டியேசி என்ற குடும்பம். மரப்பன்னம் போல இது உயர்ந்த தண்டு விடாது. ஓலைகள்தான் பெரிதாகும், நல்ல ஈரக்காட்டில் ஐந்து மீற்றரையும் தாண்டும்.

பிழை தெரிய வந்தது ஒரு அம்மாவால். “தம்பி, அடியில கட்டி கட்டியா வந்திருக்கு, நோய் எண்டு நினைச்சு ரெண்டை வெட்டிப்போட்டன்” என்று சாடியோடு வந்தார். பார்த்தால், ஒவ்வொரு ஓலைக் காம்பின் அடியிலும் இரண்டு பக்கமும் காதுபோலத் தடித்த சதை. அவை இலையடிச் செதில்கள். மரப்பன்னத்தில் இவை இல்லை. தயவுசெய்து வெட்டாதீர்கள். ஓலை விழுந்த பிறகும் செதில் உயிரோடு கிடக்கும். ஈர மணலில் வைத்தால் அதிலிருந்து புதுக் கன்று முளைக்கும், ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

இன்னொரு அடையாளம் ஓலையின் பின்பக்கம். விளிம்போரமாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டும் இரண்டு வரிசையாக அடுக்கிய வித்திக்கலன்கள், அதாவது பன்னம் பரவ உதவும் தூள் போன்ற வித்திகள் அடங்கிய சின்னப் பைகள். சாதாரணப் பன்னத்தில் ஒரு வித்திக்கலன் ஒற்றைக் கலத்திலிருந்து (செல்லிலிருந்து) உருவாகும், சுவர் மெல்லியது, பெரும்பாலும் 64 வித்திகள்தான் இருக்கும். இதில் பல கலங்கள் சேர்ந்து ஒரு வித்திக்கலனைக் கட்டுகின்றன. சுவர் தடிப்பு, உள்ளே ஆயிரத்துக்கு மேல் வித்திகள். ஆதிப் பன்னம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வம்சம் மற்றப் பன்னங்களிலிருந்து மிக முன்னமே பிரிந்துவிட்டது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிச் சதுப்புகளில் நின்ற சரோனியஸ் என்ற உயர்ந்த பன்னம் இதன் உறவுதான். அதை நினைத்துக்கொண்டு இந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது எங்களுக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

1786இல் ஃபோர்ஸ்டர் என்ற தாவரவியலாளர் இதைப் பொலிபோடியம் என்ற சாதியில் (பேரினத்தில்) சேர்த்தார். 1796இல் ஹொஃப்மன் என்ற இன்னொரு தாவரவியலாளர்தான் அஞ்சியோப்டெரிஸ் என்று தனியாகப் பிரித்தார். 2008இல் செய்த வகைப்பாட்டுத் திருத்தத்தின்படி மரட்டியேசிக் குடும்பத்தில் ஆறு சாதிகள். அவற்றில் டனேயா அமெரிக்காப் பக்கம் மட்டும் வளர்கிறது. மரட்டியா என்ற இன்னொரு சாதியில் வித்திக்கலன்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், எங்கள் கன்றில் தனித்தனியாக நிற்கும்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். இது மலைநாட்டு ஓடைக்கரைச் செடி, யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பிறந்ததல்ல. கிணற்றடி வாழை நிழல் நல்ல இடம். சோளகக் காற்று நேரே படக்கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. முடிந்தவரை மழைத்தண்ணீர் பிடித்துவைத்து ஊற்றுங்கள். மண்ணில் தும்பும் மக்கிய இலையும் நிறையச் சேருங்கள், சாடி காயவே விடாதீர்கள்.

உயர்ந்த தண்டு வரும் என்று நம்பி வாங்கியவர்கள் கன்றைத் திருப்பித் தரலாம், காசை முழுதாகத் தருகிறோம். வைத்திருக்க விரும்புகிறவர்கள் பழைய அட்டையைக் கொண்டுவாருங்கள், சரியான பெயர் எழுதிய அட்டை தயாராக இருக்கிறது.