மாமிர பேரில கிடக்கிற வீடு

மனே, சாப்பிட்டயா. நாலு நாளா எடுக்கிறன், மெசேஜ் பாத்தது காட்டுது, பதில் இல்ல. வேலைக்குப் போறயா எண்டு கேட்டா உனக்குக் கோவம் வருது, அதனால நான் கேக்கல. வீட்ட வித்து அனுப்பச் சொன்னாய், ஏன் இவ்வளவு அவசரம் எண்டும் கேக்கல. குளிருக்குக் காத மூடிப் போ, சின்னனில இருந்தே உனக்குக் காதுக்குத்து.

நேத்து காணி உறுதி எழுதுற நொத்தாரிசிட்டப் போய் வந்தன், பஸ்ஸில கல்லடிப் பாலம் தாண்டி இறங்கி வெயிலுக்க நடந்து. அப்பா கொப்பித் தாளில எழுதி தன்ட தங்கச்சி, உன்ட மாமிட்டக் கையொப்பம் வாங்கி வச்ச கடதாசியக் காட்டினன். அம்மா இது செல்லாது, காணி கைமாறுறதெண்டா நொத்தாரிசுக்கு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதணும், 1840ல வெள்ளக்காரன் போட்ட சட்டம் இன்னும் அப்படியேதான் கிடக்கு எண்டார். உறுதி மாமிர பேரில, அப்ப விக்கிறதும் அவதான். சவுதியால வந்த உடன பேர மாத்துங்க எண்டு அப்பாட்ட எத்தின தரம் சொன்னனான், நாளைக்கு நாளைக்கு எண்டே மனிசன் போய்ச் சேந்திற்றார். நீயாவது வாசிக்காம ஒண்டிலயும் கையொப்பம் வைக்காத, ஆருக்கும் பொறுப்பு நிக்காத.

மாமி மறுத்தா கேஸ் போடலாமெண்டு போன மாசம் சொன்னாயே, அதையும் கேட்டன். காசு குடுத்தது ஒராள், உறுதி இன்னொராள் பேரில எண்டா, குடுத்த ஆளுக்காகத்தான் மற்ற ஆள் வச்சிரிக்கிற எண்டு கோட்டில காட்ட வழி இரிக்காம், 1917ம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தில. நான் சந்தோசப்பட்டன். மறுகா அவர், அப்ப முழுக்காசும் உங்கட கையாலதானே போன எண்டார். எனக்கு வாய் வரல மனே.

காணி அப்பாட சவுதிக் காசுதான். அத்திவாரம் மாமிர ரெண்டு காப்பு. அடகு வச்சுத் தந்தவ. ஆறு மாசத்தில மீட்டுத் தாறன் எண்டது நான், அப்பாக்கும் தெரியாது. கடைசி நோட்டிஸ் வந்த மாசம் அவர் அனுப்பின காசில டிவி எடுத்தன், நீ பக்கத்து வீட்டு யன்னலால எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய் எண்டு. உன்னச் சாட்டுறன் பார், எனக்கும்தான் ஆசை. காப்பு ஏலத்தில போயிற்று. அவ இண்டைக்கு வரைக்கும் ஒரு சொல் கேக்கல. நான்தான் மச்சாள் பேர வச்சு வீட்டப் பிடிச்சிற்றா எண்டு நாவற்குடா முழுக்கப் பறைஞ்சு திரிஞ்சவள். நம்மட பக்கம் வீடு வளவு பொம்பிளப் பிள்ளைக்குத்தானே, கூடப்பிறந்த அண்ணன் தங்கச்சிக்கு ஒரு அறை கட்டிக் குடுக்கல, அவ இன்னும் ஆரையம்பதியில வாடகைக்குக் கிடக்கா, அத ஆரும் பறையிறல்ல.

பின்னேரம் அவவே வந்தா. 2004 சுனாமிக்கு இந்த வீட்டில காவலுக்கு நிண்டவ தூக்கிட்டு ஓடின அதே பிஸ்கட் டின். உறுதிர ஓரமெல்லாம் உப்புத் தண்ணில சுருண்டு போய்க் கிடக்கு. அதுக்கு மேல அடையாள அட்டைய வச்சு, எங்க மச்சாள் கையொப்பம் வைக்கணும், மருமகனுக்கு அவசரமாமே எண்டா. கையில பச்சைப் பிளாஸ்டிக் வளையல் ஒண்டு.

அவவுக்குக் கோல் எடுத்தயாம். பெத்தவளுக்கு எடுக்க நேரமில்ல. என்ன சொன்னான் எண்டு கேட்டன், அவனே சொல்லட்டும் எண்டு தேத்தண்ணியக் குடிச்சிற்று எழும்பிற்றா.

வித்தா முதல்ல அந்தக் காப்புக் காசு, இண்டைய பவுண் விலைக்கு, அவட கையில. அதுக்கு மேல என்ன பங்கெண்டு நீ சொல்லு, சொல்லாம நான் நொத்தாரிசிட்டக் கூட்டிட்டுப் போகமாட்டன். ஞாயித்துக்கிழமை தயிர்ச் சட்டியோட வாறனெண்டவ, அதுக்கு முதல் எடு. வீடியோ வேணாம், குரல் போதும். காத மூடிப் போ மனே.

அம்மா