கியர்பாக்ஸ் போச்சா, கிளட்ச்சா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில் ஆயில், கியர் கோளாறுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஆயில் கறுத்துவிட்டால் உடனே மாற்றுங்கள்', 'கியர் கரகரத்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும்' என்று அதில் சொல்லியிருந்த இரண்டுமே வாசகர்களுக்கு வீண்செலவு வைக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சேலம் அஸ்தம்பட்டியில் என் கணவரும் கொழுந்தனாரும் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். ஸ்பேனர் பிடிப்பது அவர்கள், வருகிறவர்களிடம் விவரம் கேட்டு ஜாப் கார்டு எழுதுவது நான். வண்டி என்ன செய்கிறது என்று சொல்கிறவர்கள் குறைவு. என்ன போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். "கியர்பாக்ஸ் போச்சும்மா, எவ்வளவு ஆகும்?" என்று சாவியை மேஜையில் வைப்பார்கள். எப்போது விழ மறுக்கிறது, எந்தக் கியர், காலையில் எடுத்தவுடனா, ஓடிச் சூடான பிறகா என்று கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வரும். ஆனால் அந்தப் பதிலில்தான் பாதி வேலை இருக்கிறது.

உங்கள் வாசகர்கள் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுகிறதா? சரி, இப்போது ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே செய்யுங்கள். இப்போது மட்டும் இறுக்கமாக இருந்தாலோ, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைத்தாலோ, பெரும்பாலும் கோளாறு கிளட்ச் முழுதாக விடுபடாததில் இருக்கும், கியர்பாக்ஸில் அல்ல. ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது) என்றால் முதலில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக், கிளட்ச் இரண்டுக்கும் ஒரே டப்பாதான். கேபிள் உள்ள வண்டி என்றால் கேபிளை இழுத்து வைத்தாலே சரியாகிவிடும் கேஸ்கள் நிறைய. மற்ற எல்லாக் கியரும் நன்றாக விழுந்து, ஓட்டத்தில் இரண்டாவது கியர் மட்டும் அரைக்கிறது என்றால்தான் உள்ளே சிங்க்ரோ வளையத்தை (கியர் அரைக்காமல் விழ, சுற்றும் வேகத்தை ஒத்துப்போக வைப்பது) சந்தேகிக்க வேண்டும்.

சத்தமும் அப்படித்தான். வண்டி நியூட்ரலில் நின்று இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் உய்ய்ய் என்று கேட்டு, மிதித்தால் நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் கேட்கிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். செலவில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரலாம். இந்த ஒரு வரி ஜாப் கார்டில் சரியாக ஏறிவிட்டால் என் கொழுந்தனார் பாதி நாளை மிச்சப்படுத்துவார்.

இனி ஆயிலுக்கு வருகிறேன். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வது அந்த ஆயிலின் வேலை, அதைச் செய்கிறது என்று அர்த்தம். கறுப்பைப் பார்த்து மாற்ற ஆரம்பித்தால் மாதாமாதம் மாற்ற வேண்டியதுதான். நிறத்தை விட்டுவிட்டு, கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைப் பாருங்கள்.

நிறத்தில் பயப்பட வேண்டியது பால் கலந்த காபி நிறத்துக்கு. அதிலும் அவசரம் வேண்டாம். மழைக்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வெண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். உள்ளே வியர்த்த ஈரம் ஆவியாகும் அளவுக்கு இன்ஜின் சூடாகாததால் வருவது அது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறையாமல் இருந்தால், ஒரு நாள் நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டினாலே போதும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலன்டும் குறைகிறது என்றால் மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து வாருங்கள். கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம்.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் ஒன்று: ஆயில் அளவு கூடுவது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைப்பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, புகையைச் சூடாக்கிக் கரியை எரிக்கும். நாம் அதற்குள் வீடு வந்து சாவியைத் திருப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கும், மோந்தால் டீசல் வாடை அடிக்கும். "ஆயிலே குறையவில்லை, நல்ல இன்ஜின்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். மேல்கோட்டைத் தாண்டினால் மாற்றிவிடுவதே நல்லது. ஊருக்குள் மட்டுமே ஓடும் டீசல் காரை அவ்வப்போது ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறோம். (டீசல் செலவு என்று முறைப்பார்கள்.)

சிவப்பு ஆயில் விளக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது காட்டுவது ஆயில் பிரஷரை, அளவை அல்ல. ஓடும்போது எரிந்தால் 'பக்கத்தில்தானே வீடு' என்று ஓட்டாதீர்கள், ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குபீர், அப்புறம் இல்லை என்றால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், அல்லது டர்போ. எப்போது வருகிறது என்பதை போனில் வீடியோ எடுத்து வந்து காட்டுங்கள். எங்களிடம் வந்ததும் வண்டி சாது ஆகிவிடும்.

புதிய பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20 ஆயில் கேட்டால், "தண்ணி மாதிரி இருக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 போடுங்க" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இன்ஜினின் இடைவெளிகளும் ஆயில் பம்ப்பும் மெல்லிய ஆயிலை வைத்தே செய்யப்பட்டவை. கியர் ஆயிலிலும் ஜிஎல்-4 கேட்கும் பெட்டிக்கு, பெரிய எண் உசத்தி என்று ஜிஎல்-5 ஊற்றக் கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கலாம்.

கோடை விடுமுறையில் திங்கள்கிழமை என்றாலே எங்களுக்கு ஏற்காடு கேஸ்தான். இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே போகும் வரிசை நகராது. ஏஎம்டி கார் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாற்றுவது) வைத்திருப்பவர்கள், ஆட்டோமேட்டிக் என்று சொல்லி விற்றதால், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைக்கிறார்கள். அதன் உள்ளே இருப்பதும் சாதாரண கிளட்ச் பிளேட்தான், மிதிப்பது மட்டும் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ. பிளேட் கருகி நாற்றம் வரும், இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. ஏற்றத்தில் நின்றால் பிரேக்கில் நில்லுங்கள்.

அடுத்த வாரம் டயர் பற்றி எழுதப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். காற்று அளவை பங்க்கில் இருக்கும் தம்பியிடம் கேட்பதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்லி அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.