முன்வாசல் திறந்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும், சொந்தபந்தத்துக்கும், சொந்தமாகவே ஆகிவிட்டவர்களுக்கும் வணக்கம்.

மகன் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டான். சமூக அறிவியலில் 81. தேர்வு முடிவு வந்த அன்று வீடு தேடி வந்து அவன் வாயில் சர்க்கரை போட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். நாலு பேரிடம் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மகனுக்கு மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் அவன் அழவில்லை, மூளைக்கு ஆக்சிஜன் போவது தடைப்பட்டுவிட்டது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. கைகால் இறுக்கம், நடக்க முடியாது. பேச்சு குழறும், பழகினவர்களுக்குப் புரியும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருக்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்வது என் கணவர் வேலை. நான் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை போட்டு விற்கிறேன். வீட்டுக்கு உரிய பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று பிரிந்திருக்கிறார்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள்.

நம் ஊர் வீடுகளின் அழகு உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அங்கே எத்தனை நிலைவாசல் இருக்கிறது என்று தெரியும். தெருவிலிருந்து முகப்புக்கு மூன்று படி. முகப்பிலிருந்து முற்றம் இருக்கிற வளவுக்குப் போக ஒரு நிலை, வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு நிலை. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, நிலைப்படியில் போய் முட்டி நின்றுவிடும். ஆளோடு நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறும்படி பின்னுக்கு இழுக்க வேண்டும். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தவரை தூக்கிக்கொண்டு போனேன். பத்து வயதுக்கு மேல் என் இடுப்பு கேட்கவில்லை. அதற்கப்புறம் எல்லாமே கொல்லைக் கதவு வழிதான். பால்காரர் வரும் வழி, குப்பை போகும் வழி, என் பிள்ளை போகும் வழி. முகப்பில் விருந்தாள் இருந்தால் நானே அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது அது. இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

ஆசாரி ஐயா ஒரு நாள் கதவுக் கீல் மாட்ட வந்தவர், நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அளவு நாடாவோடு வந்துவிட்டார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலியில் இருப்பவர் பயமில்லாமல் ஏறி இறங்க முடியும். எங்கள் மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி, அதற்குப் பதினெட்டு அடி வேண்டும். திண்ணைச் சுவரை ஒட்டி, நடுவில் ஒரு திருப்பம் வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி பலகையில் செய்யலாம் என்றார். ஆனால் பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.

படைப்புக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பெரிய ஆச்சிதான் பேச்சை எடுத்தார்கள். முகப்பு அழகு கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். ஆச்சி அதற்குக் கோபப்படவில்லை. "எனக்கும் முழங்கால் போயிருச்சு. நானும் இனிமே அதுலதான் ஏறி வரப்போறேன்" என்றார்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்றவரே பலகைக்குப் பணம் கொடுத்தார். அவருக்கும் என் நன்றி, மனதாரச் சொல்கிறேன். உள்நிலைகளுக்கு இரண்டு பக்கமும் வைக்கிற மாதிரி ஆப்பு வடிவத்தில் சின்னச் சரிவுக்கட்டைகள் செய்து கொடுத்த ஆசாரி ஐயா, கூலி என்று கேட்டு வாங்கியது ஒரு தூக்குவாளி சீப்புச்சீடை.

பள்ளிக்கூடக் கதை வேறு. எட்டு வயது வரை அவன் வீட்டில்தான் இருந்தான். ஒரு பள்ளியில், இவனைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்த சிறப்பாசிரியர்தான் என்னை உட்காரவைத்து விளக்கினார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளை, 6 வயதிலிருந்து 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம், அது அந்தப் பிள்ளையின் உரிமை என்றார். கெஞ்சத்தான் வேண்டும் என்று இருந்தவள் நான். அவர் என்கூடவே இன்னொரு பள்ளிக்கு வந்தார். அங்கிருந்த தலைமையாசிரியை அவன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார். வருடா வருடம் அவன் எந்த வகுப்புக்குப் போனாலும் அந்த வகுப்பு கீழே வந்தது.

தினமும் கொண்டுபோய் விட்டது ஆட்டோ அண்ணன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிறவருக்கும் 2021லிருந்து இலவசம், பெரிய உதவிதான். ஆனால் அந்தப் படியில் பதினாலு வயதுப் பிள்ளையை ஏற்றுவது எப்படி? அண்ணன் நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டி, இவனைப் பக்கத்தில் அணைத்து உட்காரவைத்து, மழை நாளில் கித்தான் போட்டு மூடிக் கொண்டுபோவார்.

இப்போது எழுதும்போது கண் கலங்குவது அடுத்த தெருப் பெண்ணை நினைத்துத்தான். காரைக்குடியில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை. பொதுத்தேர்வில் மகன் வாயால் சொல்ல, ஆசிரியர் ஒருவர் எழுதுவார், ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. ஆனால் சொல்லி எழுதவைப்பதும் ஒரு பழக்கம். எட்டு மாதம், சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில் வந்து உட்காருவாள். அவன் குழறலில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் அவளுக்குப் பிடிபடாது. இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாற்காலிப் பலகையில் ஒரு தட்டு தட்டினால் கமா, இரண்டு தட்டினால் அடுத்த பத்தி, புரியாத சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வான். அவன் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் சொன்ன தப்பான வருடத்தை எழுதுவாள். முடித்தபிறகுதான் இரண்டு பேரும் புத்தகத்தைத் திறப்பார்கள். தேர்வுக்கு எழுத வந்த ஆசிரியரும் தினமும் அரைமணி முன்னாலேயே வந்து, இவனிடம் பேச்சுக் கொடுத்துக் காதைப் பழக்கிக்கொண்டார். அவர் ஊர்கூட எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் நல்லது.

மாற்றுத்திறனாளிகள் சங்கத்து அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். அடையாள அட்டைக்கும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிற நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று அவர்தான் சொன்னார். ஒரு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாமையே மாடியில் வைத்திருந்தார்கள். அக்கா படிக்குக் கீழேயே நின்று, அதிகாரி இறங்கி வரும்வரை நகரவில்லை. பின்னால் நின்ற இருபது குடும்பத்துக்கும் அன்று கீழேயே வேலை முடிந்தது.

அவர் செய்ததிலேயே பெரியது இன்னொன்று. மகனுக்குப் பதினெட்டு ஆனதும் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் போய், அவனுக்காக முடிவெடுக்கிற சட்டப்படியான பாதுகாவலராகப் பதிந்துகொள் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். நானும் தாள்களை எடுத்துவைத்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்து, "உனக்கு வேணுமாப்பா?" என்று கேட்டார். வேண்டாம் என்றான், தெளிவாக. அந்தத் தாள்களை நான் உள்ளே வைத்துவிட்டேன்.

பலகாரம் போடுகிற இடத்தில் என்னோடு இருக்கிற மூன்று பேருக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எண்ணெய் காய்கிற நேரத்தில் அவனுக்குக் கால் நீட்டிவிடும் பயிற்சி நேரம் வந்துவிடும். அடுப்பை ஒருத்தி பார்ப்பாள், ஒருத்தி மாவு பிழிவாள், ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு அவன் முழங்காலைப் பிடிப்பாள். இத்தனை வருடத்தில் "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்பதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்!

கடைசியில் அவனும் நாலு வரி சொல்ல வேண்டும் என்றான். அடுத்த தெருப் பெண் எழுதினாள், நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"ஆசாரி தாத்தாவுக்கும் ஆட்டோ மாமாவுக்கும் நன்றி. நான் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் அறை மாடியில் இருக்கிறது, தலைமையாசிரியையிடம் நானே பேசப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதச் சொல்ல நான் வருகிறேன். கூப்பிட வருகிறவர்கள் முன்வாசல் பக்கம் வாருங்கள்."