புள்ளைக்கு, புதுச் சைக்கிள் பத்தி

புள்ள, சைக்கிள் ஓடிப் பார்த்தீங்களா அம்மா எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாய். ஓடினன், முன்னுக்கும் பின்னுக்கும் குலுக்கலத் தாங்கிற ஷாக் வச்ச இந்த மவுண்டன் சைக்கிள. போன்ல சொல்லி முடியாது, அதான் எழுதுறன்.

லேடீஸ் சைக்கிள்லயே மிட்வைஃப் வேலை பார்த்து பென்சன் எடுத்தவள் நான், நடுவில பார் வச்ச சைக்கிள்ல எப்பிடி ஏறுற எண்டு பயந்துதான் கிடந்தன். நீ காட்டித்தந்த லிவர அமத்திக்கிட்டு சீட்டில இருந்தா அது கீழ இறங்குது, ஏறி மிதிச்சு கொஞ்சம் எழும்பி மறுகா அமத்தினா மேல வருது. என்ட வயசில இதவிட என்ன வேணும்.

ஆரையம்பதியில இருந்து மண்முனைப் பாலம் மட்டும் தார் ரோட்டு, அதில பெரிய சொகம் எண்டு சொல்லமாட்டன். பாரம், டயரும் அகலம், எழும்பி நிண்டு மிதிச்சா பின் ஷாக் அமுங்கி அமுங்கி மிதிக்கிற பலத்த எல்லாம் திண்டிருது. ஷாக் அமுங்காம இறுக்கிற லொக்கவுட்டப் போட்ட பிறகுதான் சரி. 2014ல பாலம் திறக்கிறதுக்கு முதல் அதில வாவியக் கடக்கிற பாதை, அந்த மிதவை, வரும் வரும் எண்டு சைக்கிளோட காத்துக்கிடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

கொக்கட்டிச்சோலை கோயிலத் தாண்டி வயல் வட்டைக்குள்ள கிறவல் ரோட்டில இறங்கினன் பார், அங்கதான் புள்ள இது என்ன சாமான் எண்டு விளங்கிச்சு. மெத்தையில இருக்கிறமாதிரி துள்ளும் எண்டுதான் நினைச்சிருந்தன், அப்பிடி இல்ல. கல்லில ஏறின சில்லு உடனே நிலத்துக்கு வந்திருது, நாம இருந்த இடத்திலயே இருக்கிறம். பழைய சைக்கிள்ல சில்லு துள்ளி நிலத்த விட்டிரும், அந்த நேரம் பிரேக் புடிச்சும் வேலையில்ல, ஹான்டிலும் கேக்காது, மழைக்குப் பிறகு டிரெக்டர் போன பள்ளத்தில நான் எத்தின தரம் இறங்கி உருட்டிக்கிட்டுப் போயிருக்கன், அங்கால வீட்டில புள்ளத்தாச்சி காத்துக்கிட்டு இருப்பா. அந்தப் பள்ளத்தில இப்ப இருந்தபடியே போறன், இடுப்பும் நோகல்ல. அந்தக் காலத்தில ஒவ்வொரு மிட்வைஃபுக்கும் இப்பிடி ஒண்டு குடுத்திருக்கணும், மனசாரச் சொல்றன்.

நீ போறதுக்கு முதல் என்ன ஏத்தி இருக்கவச்சு, ஷாக்கில இருக்கிற ரப்பர் வளையத்தப் பார்த்துப் பார்த்து ஷாக்குக்குள்ள காத்துக் குறைச்சாயே, இருந்தா ஷாக் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட அமுங்கணும் எண்டு, அது பெரிய உதவி புள்ள. உண்ட பாரத்துக்கு வச்ச காத்து எனக்கு கல்லுமாதிரி இருந்திருக்கும். ரீபவுண்ட், அமுங்கின ஷாக் திரும்பி எழும்புறது, அது மட்டும் கொஞ்சம் வேகம், குழியில இருந்து ஏறக்குள்ள பின்னால உதைச்சிச்சு, சிவப்புத் திருகிய ரெண்டு கிளிக் மெதுவாக்கினன், நிண்டிட்டு.

குறை எண்டா கெரியர் இல்ல, மட்காட் இல்ல, ஸ்டேண்ட் இல்ல, பெல்லும் இல்ல. பின் பக்கம் ஆடுறபடியா சாதாரண கெரியர் பூட்ட ஏலாதாம், பையத் தோளில கொழுவிக்கிறன். பக்கத்து வீட்டுப் பொடியன் எண்ணக் கானோட வந்தான், செயினுக்கு மட்டும் போடு, டிஸ்க்கில ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பேட் பழுதாகிரும் எண்டு நிப்பாட்டினன். கடல் காத்தும் மணலும் இல்லயா, ஓடி வந்த கையோட முன் ஃபோர்க்கின்ட பளபளக்கிற குழாய ஈரத் துணியால துடைச்சு விடுறன்.

ஷாக்குக்குக் காத்தடிக்கிற பம்ப நீ கையோட கொண்டுபோயிட்டாய். சைக்கிள் டயருக்கு அடிக்கிற பம்ப் இதுக்குச் சரிவராது எண்டு நீதானே சொன்னாய், ஆரும் வந்தா குடுத்தனுப்பு. பெல்லு நான் இஞ்ச வாங்கிப் பூட்டுறன். லீவில வரக்குள்ள உன்னிச்சைக்குளம் போவம், விடிய வெளிக்கிட்டா வெயிலுக்கு முதல் போயிரலாம், பொழுதுபடமுதல் திரும்பிரணும், அங்கால யானை இறங்கும்.

அம்மா